பாய்க்குத் துணை

"இன்னா பாய், அதுக்குள்ள குந்திக்கினே? எழுந்திரு! டாக்டரம்மா என்னைத்தானே கேப்பாங்க?"

பழவேற்காடு படகுத்துறைக்குப் போகும் வழியில், கவிழ்த்துப் போட்டிருந்த படகின்மேல் உட்கார்ந்துவிட்ட கருவாட்டு வியாபாரி அமானுல்லாவை அதட்டினார் படகுக்காரர் துலுக்காணம். இருவரும் சின்ன வயதுச் சிநேகிதர்கள்.

"முடியல தொலுக்காணம்." அமானுல்லா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"நானும்தான் போன மாசம் வாயு புடிச்சி ஆஸ்பத்திரில கெடந்தேன். இப்ப பாரு, குதிரை மாதிரி நடக்கல?"

இருதயக் கோளாறு என்றாலே துலுக்காணத்துக்குப் பயம். அவர் அப்பாவைப் படகிலேயே கொண்டுபோன வியாதி அது. சிநேகிதனையும் அதற்கு வாரிக் கொடுப்பதா? "அசையாம படுக்க வெச்சதெல்லாம் அந்தக் காலம். பாய் தினமும் நடக்கணும், நீங்கதான் துணை" என்று டாக்டர் சந்திரகலா சொன்ன நாளிலிருந்து, விடிந்ததும் பாய் வீட்டுக் கதவைத் தட்டிவிடுகிறார்.

"சரி, எழுந்தேன். பேசிக்கினே வா, நோவு தெரியாது. புயல்ல உன் படகு கவுந்த கதையைச் சொல்லு."

கதை என்றால் துலுக்காணத்துக்குக் கேட்க வேண்டுமா? அலையையும் காற்றையும் கையால் காட்டிக்கொண்டே நடந்தார்.

"பாய்மரம் முறிஞ்சிச்சா... நான் ஒத்தக் கையால..."

மூச்சு வாங்கியதில் கதை கொஞ்சம் தடுமாறியது. அமானுல்லா மறுபடி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"உன்னோட பெரிய பேஜாராப் போச்சு பாய்!" திட்டிக்கொண்டே துலுக்காணமும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இருந்தும் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படகுத்துறை வரை போய்த் திரும்பினார்கள். துலுக்காணத்துக்குத் தலைகால் புரியவில்லை. பாயையும் கூட்டிக்கொண்டு நேரே டாக்டரிடம் போய் நின்றார்.

"துறை வரைக்கும் நடக்க வெச்சிட்டேன் டாக்டரம்மா! நான் இருக்கச் சொல்லோ பாய்க்கு ஒண்ணும் ஆவாது!"

டாக்டர் சிரித்துக்கொண்டே அமானுல்லாவின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். "வந்ததுக்கு உங்களையும் பார்த்துடறேன்" என்று துலுக்காணத்தையும் உட்காரவைத்துப் பரிசோதித்தார்.

"எனக்கின்னா, கல்லு மாதிரி கீறேன்! பாய், நீ அலையாத. நான் போய் நாஷ்டா வாங்கியாறேன்."

துலுக்காணம் கையை வீசிக்கொண்டு வெளியே போனார். அவர் தலை மறைந்ததும், அமானுல்லா நெஞ்சிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சட்டென்று எழுந்தார்.

"இப்ப எப்படி இருக்கு டாக்டரம்மா, அவன் நெஞ்சு?"