இருட்டில் தின்ற கோழிக்குழம்பு

படத்தில் தெரிந்த ஆள் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தலையை மூடியிருந்த துண்டும் வெள்ளை. கூரை வரை அடுக்கியிருந்த வெள்ளை வெளேரென்ற துணி ரோல்களுக்கு நடுவே, கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றபடி, தூக்குவாளிக்குள் கையை விட்டு ரசித்து ரசித்துத் தின்றுகொண்டிருந்தார்.

"நிறுத்துப்பா," என்றார் பனியன் கம்பெனி முதலாளி தண்டாயுதபாணி. கேமரா மாட்டிய பூபாலன் படத்தை நிறுத்தினான். ஆபீஸ் அறையில் இருந்த அத்தனை பேரும் டைம்கீப்பர் மாரப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பார்க்காமல் என்ன செய்வார்கள்? மண்ணரை என்கிற ஊரில் இருக்கும் அந்தக் கம்பெனிக்கு வெள்ளையும் சொள்ளையுமாக வருகிற ஆள் அவர் ஒருவர்தான்.

"நானில்லீங்க," என்றார் மாரப்பன். "கரண்ட் போன நேரத்துல நான் கேட்டுல உக்காந்திருந்தனுங்க."

"யாரு பாத்தா?"

"வாட்ச்மேன் டீக்குப் போயிருந்தானுங்க."

விவகாரம் இதுதான். கருப்பு டி-ஷர்ட்டுக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. சாயப்பட்டறையிலிருந்து துணி வந்து குவிந்ததும், தண்டாயுதபாணி தொழிலாளர்களின் சாப்பாட்டு அறையையே குடோனாக்கிவிட்டார். ஜன்னலை மறைத்துக்கொண்டு ரோல்கள் நின்றன. தூக்குவாளி வைக்கிற பெஞ்சு மட்டும் போக்கிடம் இல்லாமல் அங்கேயே மூலையில் கிடந்தது.

புதன்கிழமை ஆனால் டெய்லர் ரோஸ்மேரி கோழிக்குழம்பு கொண்டுவருவாள். அன்றைக்குப் பார்த்து மத்தியான மின்வெட்டில் குழம்பு காணாமல் போகும். எலும்பு மட்டும் மரியாதையாக வாளிக்குள் இருக்கும்.

தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள் என்றாலும் ரோஸ்மேரி சும்மா விடுகிறவள் இல்லை. "என் வாளியில கை வச்சவன் யாருன்னு தெரியாம மிஷின்ல உக்கார மாட்டேன்," என்று சொல்லிவிட்டாள். துணிக்காக என்று மாட்டிய கேமரா, கோழிக்காகத் திறக்கப்பட்டது.

"சோத்தைத் திருடறவன் நாளைக்குத் துணியைத் திருட மாட்டானுங்களா?" என்றார் சூப்பர்வைசர் ஆறுமுகசாமி. கார்த்திகை பிறந்த அன்றைக்கே சபரிமலைக்கு மாலை போட்டவர் அவர். கருப்பு வேட்டி, கருப்புச் சட்டை, தோளில் கருப்புத் துண்டு, நெற்றி நிறையச் சந்தனம். "விரதத்துல இருக்கறவன் இந்தக் கருமத்தையெல்லாம் பாக்க வேண்டியிருக்குது. சாமியே சரணம்."

தண்டாயுதபாணிக்கு இன்னொரு சந்தேகம். "அந்த ரூம்ல லைட்டும் இல்ல, கரண்டும் இல்ல. கும்மிருட்டு. அப்பறம் எப்படிப்பா படம் விழுந்துச்சு?"

"கேமரா பேட்டரியில ஓடுதுங்க," என்றான் பூபாலன். "அதைச் சுத்திக் குட்டிக் குட்டி பல்பு இருக்குதுங்க. அதுல வர்றது இன்ஃப்ராரெட். நம்ம டிவி ரிமோட்டை அமுத்துனா வருதில்லீங்களா, அதே வெளிச்சந்தானுங்க. நம்ம கண்ணுக்கு இருட்டு, கேமராவுக்குப் பட்டப்பகல்."

"பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகமே இருண்டு போச்சுன்னு நெனைக்குமாம்," என்று மாரப்பனைப் பார்த்துச் சிரித்தார் ஆறுமுகசாமி.

முதலாளி பெருமூச்சு விட்டார். "மாரப்பண்ணா, இத்தனை வருசம் பழகியாச்சு. கேட்டிருந்தா நானே வாங்கித் தந்திருப்பனே. நாளையில இருந்து வர வேண்டாமுங்க."

மாரப்பனுக்குக் கண் கலங்கியது. வேலை போவதுகூடப் பெரிதில்லை. இதே கம்பெனியில் கட்டிங் டேபிளில் நிற்கும் புது மருமகன் காதுக்கு இது போனால், மகள் வீட்டுப்படியை எப்படி மிதிப்பது? எத்தனையோ பேருக்கு எதெதனாலோ மானம் போகும். பாவம், அவருக்கு ஒரு கோழியால் போனது.

ரோஸ்மேரி மட்டும் இன்னும் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் பார்த்தது ஆளை அல்ல, ஆளுக்குப் பின்னால் இருந்ததை.

"ஏ தம்பி, இது நம்ம குடோன்தானா?"

"ஆமாங்க்கா."

"நம்ம குடோன்ல இருக்கது பூராவும் கருப்பு ரோலுல்லா? படத்துல அம்புட்டும் வெள்ளையால்லா நிக்கி?"

பூபாலன் இதையெல்லாம் ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "அது அப்படித்தானுங்க்கா. கருப்புச் சாயம் நம்ம கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்தைத்தான் முழுங்கும். இன்ஃப்ராரெட்டை முழுங்காம அப்படியே திருப்பி விட்டுரும். அதனால இந்த மாதிரி துணியெல்லாம் கேமராவுல வெள்ளையாத்தானுங்க விழும்."

தண்டாயுதபாணி படத்தில் இருந்த வெள்ளை வேட்டியையும் ஆறுமுகசாமியின் கருப்பு வேட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். மாரப்பன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே நிமிர்ந்தார். ஆறுமுகசாமி தோளில் கிடந்த துண்டை மெதுவாக எடுத்து, சுருட்டி, முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

ரோஸ்மேரி அவர் பக்கம் திரும்பினாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"ஏன் சாமி, கொழம்புல உப்பு சரியா இருந்துச்சா?"