கோட்டுக்கு இரண்டு அடி முன்னால்

“பிடிச்சா விடாதேங்கோ, அண்ணை.”

அஷ்வத் அண்ணையின் தலைக்கவசத்தில் என் தலைக்கவசத்தை முட்டிச் சொன்னேன். சுற்றி நின்ற ஒன்பது ஜெர்மன்காரர்களும் சிரித்தார்கள். தமிழ் தெரியாவிட்டாலும் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

டிரெஸ்டனில் எங்கள் பல்கலைக்கழகம் அமெரிக்கக் கால்பந்து அணி தொடங்கிய முதல் பருவம் இது. பெயர்தான் கால்பந்து, வேலை எல்லாம் கைக்கு. நான் எறிவேன். அஷ்வத் அண்ணை ஓடிப் பிடிப்பார். பிடித்ததை எதிரணிப் பக்கத்து முனைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோனால் ஆறு புள்ளி.

அந்த ஆறு புள்ளியை நாங்கள் இன்னும் கண்ணால் காணவில்லை.

ஆறு ஆட்டம், ஆறு தோல்வி, ஆறிலும் பூச்சியம். இன்று ஏழாவது, கடைசி. பலகையில் 47-0 என்று இருக்கிறது. நாற்பது நொடி மிச்சம்.

உடை மாற்றும் அறையில் பயிற்சியாளர் ஒரு பழைய படத்தை ஒட்டியிருக்கிறார். நூற்று முப்பது வருடத்துக்கு முந்திய அமெரிக்கக் கல்லூரி அணி ஒன்று. கம்பளிச் சட்டையும் முறுக்கு மீசையுமாகப் பதினொரு பேர். அவர்களும் முதல் பருவத்தில் எல்லா ஆட்டமும் தோற்றவர்களாம். எங்களைத் தேற்றத்தான் ஒட்டினார். ‘இவர்களாவது ஒரு தடவை கோட்டைத் தாண்டினார்கள்’ என்று யாரோ அடியில் எழுதிவிட்டார்கள்.

நாங்களும் தாண்டியிருப்போம், முதல் ஆட்டத்திலேயே.

அஷ்வத் அண்ணை கோயம்புத்தூரில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர். இங்கே ஆய்வகத்தில் வேலை. காற்றில் வரும் எதையும் பிடிப்பார் என்றுதான் நான் அவரை அணிக்கு இழுத்துவந்தேன். அன்று அழகாகப் பிடித்தார். ஓடினார். பிறகு கிரிக்கெட்டில் பிடியெடுத்தவர்கள் செய்வதுபோலப் பந்தை வானத்துக்கு எறிந்துவிட்டுக் கையை விரித்தார்.

கோட்டுக்கு இன்னும் இரண்டு அடி இருந்தது.

விழுந்த பந்தை எதிரணிக்காரன் ஒருவன் பொறுக்கிக்கொண்டு மைதானத்தின் மறுமுனைக்கு ஓடினான்.

அன்றிலிருந்து அவர் உணவகத்துக்குள் நுழைந்தால் போதும், யாராவது தின்றுகொண்டிருக்கும் பாண் துண்டை மேலே எறிவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அவர் பக்கம் எறியவே வேண்டாம் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. ஊருக்குப் போகிறார். பந்தை வானத்துக்கு எறிந்தவர் என்ற பெயரோடு அவரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கெஞ்சிக் கூத்தாடி இந்த ஓர் எறியைப் பயிற்சியாளரிடம் கேட்டு வாங்கினேன்.

எறிந்தேன்.

பிடித்தார். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். கோட்டைத் தாண்டினார். நடுவர் இரண்டு கையையும் உயர்த்தினார்.

ஒன்பது பேரும் பாய்ந்து போய் அவரைச் சூழ்ந்துகொண்டு, எறி, எறி என்று கத்தினார்கள். அவர் எறியவில்லை. பந்தை விடாமல் திரும்பி, ஆட்களுக்கு மேலால் என்னைத் தேடினார்.

“லக்ஸன், இந்தத் தடவை நெஜமாவே தாண்டியாச்சா?”

மற்றவர்களுக்கு விளங்கவில்லை. முதல் ஆட்டத்திலும் அவர்களுக்கு விளங்கவில்லை. அன்று கோட்டுக்கு இரண்டு அடி இருக்கும்போது, பின்னாலிருந்து “தாண்டியாச்சு அண்ணை” என்று அவசரப்பட்டுத் தமிழில் கத்தியவன் நான்.

நான்கு மாதமாக அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

“ஓம் அண்ணை,” என்றேன். “இப்ப எறியுங்கோ.”

சிரித்துக்கொண்டே பந்தை வானத்துக்கு எறிந்தார்.

அது கீழே வருவதற்குள், அன்றைக்குக் கத்தியது யார் என்று மற்ற ஒன்பது பேருக்கும் ஜெர்மன் மொழியில் சொல்லிவிட்டேன்.