கைக்குட்டையில் வந்த கறுப்பு

ஏப்ரல் 9, காலை 11.20 மணி. முந்நூறு வருடப் பழைய மாளிகை ஒன்றின் முதல் மாடி ஓவியக்கூடத்தில், ஓவியம் படிக்க வெளிநாடு வந்திருந்த மாணவி ஒருத்தி ஒரு சீமாட்டியின் படத்தின் மேல் தும்மிவிட்டாள்.

பதறிப்போய்க் கைக்குட்டையை எச்சிலில் நனைத்துத் துடைத்தாள். கைக்குட்டை கறுத்துப்போனது. சீமாட்டியின் கன்னத்தில் மிளகளவு இடம் வெளுத்திருந்தது.

“அக்கா, பெயிண்டே வந்துடுச்சு!”

“அடிப்பாவி! உனக்குக் கை சும்மாவே இருக்காதா?” என்றாள், அவளைப் பார்க்க வந்திருந்த அக்கா. “காலேஜுக்குத் தெரிஞ்சா மூட்டை கட்ட வேண்டியதுதான். நட, போயிடலாம்.”

வாசலில் காவலாளி நின்றார். கைக்குட்டையைப் பிடுங்கிக்கொண்டு, இருவரையும் பின்பக்க அறைக்கு அழைத்துப் போனார்.

அங்கே வெள்ளைக் கோட்டு அணிந்த பெண்மணி கைக்குட்டையை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.

“எதால துடைச்சே?”

“எச்சில்...” என்றாள் மாணவி.

“சிகரெட் பழக்கம் உண்டா? காலையில காபி?”

“ரெண்டும் இல்லை மேடம்.”

“வாயைத் திற.”

அக்கா அழுதேவிட்டாள். “சின்னப் பொண்ணு மேடம். போலீஸ் மட்டும் வேணாம்.”

“போலீஸ் எதுக்கு? வந்தது பெயிண்ட் இல்லை, அழுக்கு. இங்கே பழைய படங்களைச் சுத்தம் பண்ற நாங்களும் எச்சில் தொட்டுத்தான் துடைக்கிறோம். நாலு மாசமா ரெண்டே பேர். வாய் வறண்டு போச்சு. இன்னும் பதினேழு படம் கிடக்கு.”

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மாணவி வேலைக்குச் சேர்ந்தாள். மாலைக்குள் மூன்று அங்குலம் துடைத்தாள்.