இன்னும் ஒரே ஒரு ஈத்து

மேசைக்கடியில் பதுங்கியிருக்கும் நாயை, நாய்ப்பண்ணை வைத்திருக்கும் தம்பி சங்கிலியைப் பிடித்து இழுக்கிறான். அந்தச் சங்கிலியின் மேல் அக்கா பாதத்தை ஊன்றி நிற்கிறாள். மொசைக் தரையில் நகங்கள் கீறுகின்றன. "விடு அக்கா, நல்ல ஜோடி சிக்கியிருக்கு. இன்னும் ஒரே ஒரு ஈத்து, அப்புறம் உன்கிட்டயே கொண்டாந்து விட்டுடுறேன்." "இதுக்கு ஓய்வு குடுத்தாச்சு, நீயே வச்சுக்கோன்னு போன மாசம் யாருடா சொன்னது?" "நாய்க்கு என்ன ஓய்வு, பென்ஷனா வாங்குது?" தன் நகைச்சுவைக்குத் தானே சிரிக்கிறான். அவளுக்கு உச்சந்தலை வரை பற்றி எரிகிறது. போன ஈத்தில் இந்த ஜீவன் கண் செருகிக் கிடந்தபோது, குட்டிகளை மட்டும் துண்டில் பொதிந்துகொண்டு ஓடியவன் இவன். "இன்னொரு தடவைன்னா செத்துடும்டா பாவி!" "செத்தா சாகட்டும், குட்டி தங்கும்ல?" அவன் குரல் உயர்ந்ததும் நாய் நடுங்கியபடி தானாகவே வெளியே வருகிறது. சன்னல் வெயிலில், அவன் காலடியில் சரிந்து படுத்து வயிற்றைக் காட்டுகிறது. பண்ணையில் அதற்குப் பழக்கிய மரியாதை அது ஒன்றுதான். "பாத்தியா, முதலாளி யாருன்னு அதுக்குத் தெரியுது" என்று குனிகிறவன் குனிந்தபடியே உறைகிறான். தொங்கிப்போன காம்புகளுக்கு நடுவே முடி மழித்த தோல். அதில் கறுப்பு நூலில் புதுத் தையல். அக்கா சங்கிலியிலிருந்து காலை எடுக்கிறாள். "இப்ப இழுத்துட்டுப் போடா பாப்போம். கர்ப்பப்பையை முந்தாநாளே டாக்டர் எடுத்துட்டாரு."