காஜா எடுக்காத மிஷின்

“காஜா எடுக்காத மிஷின் இருந்தா காட்டுங்க” என்றாள் தங்கை.

தையல் மிஷின் கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எடுக்குமான்னுதான் எல்லாரும் கேட்பாங்க. எடுக்கக் கூடாதுன்னு கேட்கிற முதல் ஆள் நீங்கதாம்மா.”

அண்ணனுக்கு மானம் போயிற்று. தாயில்லாத இருவரையும் வளர்த்து ஆளாக்கிய அத்தைக்கு அறுபது வயது நிறைகிறது. அவளுடைய பழைய மிஷின் ஓடுவதைவிட நிற்பதே அதிகம் என்று கேள்விப்பட்டு, வெளியூரிலிருந்து லீவு போட்டு வந்திருக்கிறான். வந்த இடத்தில் இந்தக் கூத்து.

“இவ கிடக்கிறா. நீங்க அந்த வெள்ளை மிஷினைக் காட்டுங்க.”

கடைக்காரர் உற்சாகமாகிவிட்டார். துண்டுத் துணி ஒன்றை வைத்து விசையை அமுக்கினார். கண்ணை மூடித் திறப்பதற்குள் நாலு பக்கமும் நெருக்கமாகத் தையல் விழுந்தது. நடுவில் ஒரு கீறல். சட்டைப் பட்டன் நுழைய ஓட்டை தயார்.

“இதுதான் வேணும்!” என்று குதித்தான் அண்ணன். “அத்தை தைக்கிற ஒவ்வொரு சட்டைக்கும் ஏழு காஜா. அதுக்குன்னு மூட்டையைத் தூக்கிக்கிட்டு, முட்டி வலியோட நாலு தெரு தள்ளிக் காஜாக் கடைக்கு நடக்கிறாங்க. இனிமே நடக்கவே வேண்டாம்.”

“நடக்கட்டுமே. உடம்புக்கு நல்லதுதானே?”

இவளுக்கு மனசா, கல்லா? கூடவே இருக்கிறவள் பேசுகிற பேச்சா இது?

“விலைதான் யோசனைன்னா மிச்சத்தை நானே போட்டுக்கறேன்.”

“முழுசா நீயே போட்டாலும் அது வேண்டாம்.”

“ஏன்? காரணத்தைச் சொல்லித் தொலையேன்.”

“சொல்ல மாட்டேன். உன் வாயில ஒரு விஷயம் தங்காது.”

அடுத்தவர் கடையில் நின்றுகொண்டு எவ்வளவு நேரம் சண்டை போடுவது? நேர்த்தையல் மட்டும் போடுகிற மிஷின் ஒன்று வண்டியில் ஏறியது. அண்ணன் வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். வீட்டுக்குப் போனதும் இவள் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றாமல் விடுவதில்லை என்று முடிவே கட்டிவிட்டான்.

அத்தை நூல் கோத்து நாலு தையல் ஓட்டிப் பார்த்தாள். “அட, சத்தமே இல்லாம என்னமா ஓடுது!” என்று பூரித்துப் போனவள், சட்டென்று நிறுத்தினாள்.

“இது காஜாவும் எடுக்குமாடா?”

“எடுக்காது அத்தை. எடுக்கிறதைத்தான் நான் பார்த்து வச்சேன். உங்க செல்ல மருமகதான் கூடவே கூடாதுன்னு ஒத்தைக் காலில் நின்னா!”

போட்டுக் கொடுத்தாயிற்று. இப்போது வெடிக்கும் என்று காத்திருந்தான்.

அத்தை தங்கையைப் பார்த்தாள். தங்கை கூரையைப் பார்த்தாள். அத்தை எழுந்து வந்து அவள் கன்னத்தைச் செல்லமாகக் கிள்ளினாள்.

பிறகு தைத்து வைத்திருந்த சட்டைகளை மூட்டை கட்டினாள். கண்ணாடி முன்னால் நின்று தலையை வாரி, கலைத்து, மறுபடியும் வாரினாள்.

“காஜாக் கடைக்குத்தானே? கொடுங்க அத்தை, நான் ஒரே ஓட்டமாப் போய்க் கொடுத்துட்டு வந்துடறேன்.”

“வேண்டாம்!”

இரண்டு பெண்களும் ஒரே குரலில் கத்தியதில் அவன் அரண்டே போனான். அத்தை மூட்டையோடு படியிறங்கிவிட்டாள். முட்டி வலி இருக்கிற நடையாகத் தெரியவில்லை.

“என்னதான் நடக்குது இந்த வீட்ல?”

தங்கை சிரித்தாள். “மாமா போனதுக்கு அப்புறம் அத்தை வாசல் தாண்டிப் போற இடம் அது ஒண்ணுதான் அண்ணா. அரை மணி நேர வேலைக்குப் போறவங்க மூணு மணி நேரம் பேசிட்டுச் சிரிச்ச முகமா வர்றாங்க. அந்தக் காஜாக்காரரும் பாவம், தனி ஆள். மிஷினே காஜா எடுத்துட்டா, அத்தை என்னன்னு சொல்லிக்கிட்டு அங்கே போவாங்க?”

அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டான். பிறகு வாசலுக்கு ஓடினான்.

“அத்தை! இனிமே பட்டனை வீட்ல தைக்காதீங்க. அதையும் அங்கேயே கொடுத்துடுங்க, இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலா ஆகும்!”