ஹல்லாவும் சைலன்சரும்

உல்பு வாசற்படியில் உட்கார்ந்து, துப்பாக்கியிலிருந்து சைலன்சரைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

நான் நாய்க்குட்டி விற்க வந்திருந்தேன். குட்டி காரில் தூங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை கடமான் வேட்டை தொடங்குகிறது. மானைத் தேடிப்பிடித்து, குரைத்தே நிறுத்திவைக்க நாய் வேண்டும். உல்புவின் ஹல்லா போன வருஷம் வரை எங்கள் குழுவின் முதல் நாய். அப்புறம் அதன் காதோரம் ஒரு துப்பாக்கி வெடி. அன்றிலிருந்து துப்பாக்கி எண்ணெய் வாசனை வந்தாலே முற்றத்துச் சவுனா நீராவிக் குளியல் குடிசைக்கு அடியில் போய்ப் பதுங்கிவிடுகிறது.

அந்த வெடியைப் போட்டது நான்தான். அதனால்தான் குட்டியின் விலையைக் குறைத்திருந்தேன். ரொம்ப இல்லை.

"மறுபடியும் தொடைக்க ஆரம்பிச்சிட்டியா? ஒரு மாசமா இதே வேலையா இருக்கே!" என்றேன்.

"சைலன்சரை மாட்டினபடியே வச்சா ஈரம் நின்னு குழல் வாய் துருப்பிடிச்சுப் போகும். ரைமோ, நாப்பது வருஷமா வேட்டைக்குப் போற உனக்கு இதை நான் சொல்லணுமா?"

தினமும் பயிற்சிக்குப் போகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வெடிச் சத்தத்தை அடக்கும் புது சைலன்சர் வேறு. ஆசை இருக்காதா?

சைலன்சர் மாட்டும் திருகுமரையைத் துடைத்தாள். போல்ட்டை உருவி, கம்பி நுனியில் துணியைக் கோத்துக் குழலுக்குள் நிதானமாகத் தள்ளினாள். எண்ணெய் வாசனை முற்றமெல்லாம் பரவியது.

சவுனாவுக்கு அடியில் சத்தமே இல்லை.

அவள் தந்த காபிக் கோப்பையோடு, இதுதான் சமயம் என்று ஆரம்பித்தேன். "குட்டியோட அம்மா இருக்கே, போன வருஷம் ஒரே நாள்ல மூணு மானை..."

"வாயை மூடிக்கிட்டு காபியைக் குடி, வியாபாரி."

போல்ட்டைத் திரும்பச் செருகி அடைத்தாள். க்ளிக்.

போன மாதம் இந்தச் சத்தத்துக்கு ஹல்லா சாலை வரை ஓடியதை நானே பார்த்தேன்.

இப்போது சவுனா அடியிலிருந்து ஒரு சாம்பல் நிற மூக்கு எட்டிப்பார்த்தது.

ஹல்லா முற்றத்தைக் கடந்து வந்தது. இரண்டு இடத்தில் நின்றது. உல்புவின் பூட்ஸுக்கு அருகே வந்து படுத்து, சைலன்சரை மோந்து பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

உல்பு அதைப் பார்க்கவே இல்லை. எண்ணெய்ப் புட்டியின் மூடி மட்டும் அவள் விரலுக்குள் நிற்காமல் உருண்டு விழுந்தது.

சும்மா இருப்பானேன் என்று, அவள் துடைத்துப் போட்ட துணிகளை அடுப்பில் போட எடுத்தேன். பழைய காபி டின் நிறைய இருந்தன. ஒரு மாதத்துத் துணிகள்.

ஒன்றைப் பிரித்தேன். இன்னொன்றை. டின்னின் அடி வரை பார்த்தேன்.

சுட்ட துப்பாக்கியைத் துடைத்தால் துணி கரியாகிவிடும். இவை எல்லாவற்றிலும் எண்ணெய்தான் இருந்தது. ஒன்றில்கூடக் கரி இல்லை.

"இந்த மாசத்துல நீ ஒரு தடவைகூடச் சுடலையா?"

"சனிக்கிழமைதான், ஹல்லாவோட," என்றாள் உல்பு. "வேட்டை வரிசையில நீ அந்தக் கடைசிக்குப் போய் நில்லு."