தொண்ணூற்றாறு சதவீதம்

விருப்பப் பட்டியலில் இருந்த சென்னைக் கல்லூரியில் நிவேதிகாவுக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு நேற்றுவரை பதினொரு சதவீதம். இன்று காலை தொண்ணூற்றாறு! அம்மாவிடம் சொல்ல அடுக்களைக்கு ஓடினாள். கலந்தாய்வுச் செயலியின் அந்தக் கணிப்பு இதுவரை யாருக்கும் பொய்த்ததில்லை.

மதிப்பெண் மாறாமல் எண் மட்டும் எப்படி ஏறும்? அப்பா சுடலைமுத்து, அவள் வைத்துவிட்டுப் போன செல்போனில் ‘காரணம்’ என்றிருந்த இடத்தைத் தொட்டார்.

‘தந்தையை இழந்தோர் ஒதுக்கீடு. ஆகஸ்ட் முதல் பொருந்தும்.’

சுவரிலிருந்த தினசரிக் காலண்டரில் ஜூலைக்கு இன்னும் எட்டுத் தாள்களே மிச்சம். மகள் வருவதற்குள் அந்தப் பக்கத்தை மூடினார்.

“தென்காசி காலேஜத்தான் முதல்ல போடணும்னு ஒத்தக்கால்ல நின்னீங்களேப்பா, இப்ப என்ன சொல்றீங்க?”

“சென்னையவே போடு தாயி. போறப்ப அம்மாவையும் கூட்டிட்டுப் போயிரு.”

அவள் சிரித்துவிட்டாள். “அப்போ உங்களுக்கு யாருப்பா சோறு பொங்கிப் போடுவா?”